வாடகை வீடு, சின்னக் குழந்தை, திறந்த பால்கனி: எதை நாமே சரிசெய்வது, எதற்கு ஓனரைக் கேட்பது, எப்போது வீடு மாறுவது

சென்னை மடிப்பாக்கத்தில் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு பழைய அபார்ட்மெண்டில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். குடிவந்தபோது பையன் கைக்குழந்தை. அப்போது தண்ணீர் எப்படி, காற்று வருமா, பக்கத்தில் குழந்தை டாக்டர் உண்டா என்றுதான் விசாரித்தோம். அவன் நடக்க ஆரம்பித்து, அப்புறம் ஏற ஆரம்பித்த பிறகுதான் வாசல் கதவுக்கு வெளியே என்னென்ன இருக்கிறது என்பதே கண்ணில் பட்டது. உயரம் குறைந்த பால்கனி சுவர், மூடி சரியில்லாத சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), தண்டவாளத்திலிருந்து ஆடும் கேட், படிக்கட்டுக்குக் கீழே எப்போதும் திறந்து கிடக்கும் மீட்டர் பெட்டி. இப்போது அவனுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. கடந்த எட்டு மாதமாக இதற்காக விசாரித்ததையும் செலவழித்ததையும் கேட்டுக் கிடைத்ததையும் கிடைக்காததையும் எழுதுகிறேன். சொந்த வீடு என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. வாடகை வீட்டில் ஒவ்வொரு ஆணிக்கும் முன்னால் "இது யார் செலவு, போகும்போது அட்வான்ஸில் பிடிப்பார்களா" என்ற கேள்வி வந்து நிற்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை குழந்தை ஏறாமல் காத்திருக்க மாட்டான் என்பதுதான் சிக்கல்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே நொடியில் உயிர் போகக்கூடிய இடங்கள் இரண்டு: உயரமும் தண்ணீரும். இந்த இரண்டுக்கும் யார் பணம் என்று பார்க்காமல் முதலில் நாமே போட்டுவிட வேண்டும், பங்கை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு ஓனரிடமும் அபார்ட்மெண்ட் சங்கத்திடமும் கேட்டு, திரும்பக் கேட்டு, பொறுமையாக வாங்கலாம். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். பால்கனிக்காக ஓனரின் பதிலுக்கு ஆறு வாரம் காத்திருந்தேன். அந்த ஆறு வாரமும் பால்கனிக் கதவைப் பார்த்துக்கொண்டே சமைத்தேன்.

பால்கனி

முதலில் அளக்க வேண்டும். எங்கள் கைப்பிடிச் சுவர் தரையிலிருந்து 87 சென்டிமீட்டர். தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வது ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்று. கட்டும்போது சரியாகத்தான் கட்டியிருப்பார்கள் போல. நடுவில் பழைய மொசைக் தரையைப் பெயர்க்காமல் அதன்மேலேயே டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள், தரை உயர்ந்து சுவர் தாழ்ந்துவிட்டது. பழைய கட்டடத்தில் புது டைல்ஸ் பளபளப்பதைப் பார்த்து சந்தோஷப்படுபவர்கள் பால்கனியிலும் வாசல்படியிலும் ஒரு தடவை டேப் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது இடைவெளி. கம்பி வைத்த பால்கனி என்றால் கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பல நாடுகளின் கட்டட விதிகளில் இருக்கும் அளவு. டேப் கையில் இல்லையென்றால் கட்டைவிரலோடு சேர்த்து உள்ளங்கையை விரைப்பாக வையுங்கள், பெரியவர்கள் கை கிட்டத்தட்ட அந்த அகலம் வரும். கை தாராளமாக நுழைந்தால் குழந்தையின் உடம்பும் நுழையும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி படுக்கைவாட்டில் இருந்தால் அது ஏணி, உயரம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை.

மூன்றாவது, சுவர் ஓரத்தில் கிடக்கும் பொருட்கள். எங்கள் வீட்டில் ஏசியின் வெளி யூனிட் பால்கனித் தரையில் சுவரை ஒட்டி இருந்தது. அதன் உயரம் 55 சென்டிமீட்டர். கணக்கைப் பாருங்கள், அதன்மேல் ஏறி நின்றால் மீதி இருப்பது 32 சென்டிமீட்டர் சுவர், இரண்டு வயதுப் பிள்ளையின் இடுப்புக்கும் கீழே. இந்த வயதில் உடம்பு அளவுக்குத் தலை கனம் அதிகம், எட்டிப் பார்த்தாலே குப்புறப் போய்விடும். ஒரு நாள் சாயங்காலம் துணி எடுக்கப் போனேன். பையன் சமையலறையிலிருந்து நீல நிற பிளாஸ்டிக் முக்காலியை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு வருகிறான். தரையில் அது கிரீச் என்று இழுபடும் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அதை யூனிட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஒரு காலைத் தூக்கி வைத்து, கீழே நிற்கும் தள்ளுவண்டிக்காரரைப் பார்த்து "தாத்தா" என்று கூப்பிடுகிறான். நான் அங்கேயே நின்றிருந்தேன், அதனால் ஒன்றும் ஆகவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கு அப்புறம் விசாரித்தவை இவை. எங்கள் பால்கனித் திறப்பு 9 அடி அகலம், சுவருக்கு மேல் கூரை வரை 6 அடி உயரம், மொத்தம் 54 சதுர அடி. விலை எல்லாம் எங்கள் பகுதியில் எனக்குச் சொன்னது. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும்.

சுவரில் துளை போடாமல் செய்யக்கூடியது: பால்கனிக் கதவில் ஐந்து அடி உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், பால்கனியிலிருந்து எல்லாச் சாமான்களையும் காலி செய்வது, கம்பி இடைவெளிக்கு உள்பக்கமாகக் கட்டியான பிளாஸ்டிக் தகடு வைத்து கேபிள் டையால் இறுக்கிக் கட்டுவது. ஆயிரம் ரூபாய்க்குள் முடியும், இன்றைக்கே செய்யலாம், காலி செய்யும்போது சுவரில் தடயம் இருக்காது. தாழ்ப்பாளுக்குக் கதவில் நான்கு ஸ்க்ரூ துளை மட்டும்தான், அதற்கு எந்த ஓனரும் சண்டை போட மாட்டார். ஆனால் கதவு பூட்டியிருக்கும் நேரம் மட்டும்தான் இது காப்பாற்றும். துணி காயப்போட, செடிக்குத் தண்ணீர் விட, ஃபோனில் பேச என்று ஒரு நாளைக்கு இருபது தடவை திறக்கிறோம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர்களுக்குத் தாழ்ப்பாள் போடும் பழக்கம் இருக்காது. எனவே இது முதல் நாள் வேலை, இதோடு நிறுத்திக்கொள்ளும் வேலை இல்லை.

வலை: சதுர அடிக்கு 25 ரூபாய் சொன்னார்கள், எங்கள் அளவுக்கு 1,350 ரூபாய்தான் வரும். குறைந்தபட்சக் கூலி என்று 2,000 கேட்டார்கள். ஒரு மணி நேரத்தில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மாட்டித் தருவது பெரும்பாலும் புறா வலை, அது புறாவைத் தடுக்கச் செய்தது, ஓடிவந்து சாயும் பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தாங்கச் செய்ததில்லை. குழந்தைப் பாதுகாப்பு வலை என்று தடித்த நூலில் தனியாக விற்கிறார்கள். அது பரவாயில்லை, ஆனால் கொக்கிகள் எவ்வளவு நெருக்கமாக அடிக்கிறார்கள் என்பதில்தான் அதன் பலம். எங்கள் பக்கத்து வீட்டில் வலை கட்டி இரண்டு வருடம் ஆகிறது. மேற்கு வெயில் நேராக விழும் பக்கம். நான் போய் ஓரத்து நூலை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தேன், நார் நாராக உதிர்ந்தது. வலை கட்டினால் வருடத்துக்கு ஒரு தடவை இப்படி இழுத்துப் பார்க்க வேண்டும், கொக்கியை ஆட்டிப் பார்க்க வேண்டும். யாரும் பார்ப்பதில்லை. கட்டியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் குழந்தையைப் பால்கனியில் விளையாட விட்டுவிடுகிறோம், அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்விசிபிள் கிரில்: சுவரிலும் கூரையிலும் அலுமினியச் சட்டம் அடித்து, நடுவில் நைலான் பூச்சுள்ள மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளை இழுத்து முடுக்கிக் கட்டுவது. சதுர அடிக்கு 200 சொன்னார்கள், 10,800 ரூபாய். காற்று, வெளிச்சம் எதுவும் குறையாது, வெளித்தோற்றம் மாறாது என்பதால் சங்கமும் ஆட்சேபிப்பதில்லை. இதில் கேட்டு வாங்க வேண்டியவை மூன்று. கம்பி மேலிருந்து கீழாக ஓட வேண்டும், படுக்கைவாட்டில் வேண்டாம். இடைவெளி இரண்டு அங்குலம் போதும், மூன்றுக்கு மேல் வேண்டாம். எங்களைப் போலக் கடற்கரை ஊரில் இருப்பவர்கள் 316 தர ஸ்டீல் கேட்பது நல்லது, உப்புக்காற்றில் 304 அதற்கு முன்னால் துருப்பிடிக்கும். இன்னொன்று, சட்டம் அடிக்கும் இடத்தில் சிமென்ட் பூச்சு உறுதியாக இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய சுவரில் பொத்தென்று சத்தம் வந்தால் அங்கே ஸ்க்ரூ நிற்காது, பூச்சைச் சரிசெய்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். வாடகைக்காரர்களுக்கு இதில் குறை என்னவென்றால், கழற்றி எடுத்துப்போனாலும் சட்டமும் கம்பியும் இந்த பால்கனி அளவுக்கு வெட்டியவை, அடுத்த வீட்டுக்குப் பொருந்தாது. போட்ட பணம் இங்கேயே நிற்கும்.

இரும்பு கிரில்: வெல்டிங் பட்டறையில் சதுர அடிக்கு 250 என்றார்கள், 13,500 ரூபாய், பெயின்ட் தனி. பலத்தில் இதற்கு மிஞ்சி எதுவும் இல்லை. ஆனால் கனம், துரு, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு பெயின்ட். ஓனர் செலவில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லலாம், ஏனென்றால் அது அவர் வீட்டுக்கு நிரந்தரமாகச் சேரும் சொத்து. நம் செலவில் போடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. யார் போட்டாலும் ஒரு ஓரத்தில் திறக்கக்கூடிய சிறு கதவு வைக்கச் சொல்லுங்கள், பூட்டின் சாவி உள்ளே பெரியவர் கைக்கு எட்டும் ஆணியில் தொங்க வேண்டும். தீப்பிடித்தால் வெளியே வர அந்த ஒரு வழிதான் மிச்சம் இருக்கலாம். வெளிப்பக்கம் பெட்டி மாதிரி நீட்டி வைக்கும் கிரில் வேண்டவே வேண்டாம். அதில் பூந்தொட்டி வைப்போம், தொட்டி கீழே நடப்பவர் தலையில் விழும், குழந்தை உள்ளே இறங்கி உட்காரும்.

நாங்கள் எடுத்தது இன்விசிபிள் கிரில். இன்னும் இரண்டு வருடமாவது இங்கே இருப்போம் என்று கணக்குப் போட்டேன், 10,800-ஐ 24 மாதத்தால் வகுத்தால் மாதம் 450 ரூபாய். ஆறே மாதத்தில் வேலை மாற்றல் வரலாம் என்ற நிலையில் இருந்திருந்தால் தடித்த வலையை நெருக்கமான கொக்கியோடு கட்டி, உயரத் தாழ்ப்பாளும் போட்டு, கதவைப் பூட்டியே வைத்திருப்பேன். ஏசி யூனிட்டை வெளிச்சுவரில் பிராக்கெட் அடித்து மேலே ஏற்றிவிட்டோம். எதுவும் செய்ய முடியாதவர்கள் இந்த ஒரு வேலையையாவது செய்யுங்கள், பால்கனியில் ஏறி நிற்க ஒரு பொருள்கூட இருக்கக் கூடாது. கவிழ்த்து வைத்த பக்கெட்டும் பொருள்தான்.

2024-இல் ஆவடிப் பக்கம் பால்கனியிலிருந்து தவறி விழுந்து தகரக் கூரையில் சிக்கிக்கொண்ட கைக்குழந்தையை அக்கம்பக்கத்தார் மீட்ட வீடியோ எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தத் தாயை எவ்வளவு பேர் எவ்வளவு கேவலமாகத் திட்டினார்கள் என்பதும் நினைவிருக்கும். நான் படித்த கமெண்டுகளில் அங்கே வலையோ கிரில்லோ இருந்ததா என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. பிள்ளையை வளர்ப்பவள் மனுஷிதான், அவளுக்கும் கை வழுக்கும், தூக்கம் வரும், போன் அடிக்கும். அந்த நொடியைத் தாங்கிப் பிடிக்கத்தான் கம்பியும் வலையும்.

சம்ப்

பால்கனியாவது நம் வீட்டுக்குள் இருக்கிறது. சம்ப் பொதுவானது, அதனால் யாருடையதும் இல்லை. எங்கள் சம்ப் கேட்டுக்குப் பக்கத்தில், இரண்டடிக்கு இரண்டடி வாய், மேலே தகர மூடி. மூடியின் ஒரு கீல் அறுந்துவிட்டது, இன்னொன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மார்ச் மாதத்திலிருந்து வாரம் மூன்று நாள் லாரித் தண்ணீர். காலை ஆறு மணிக்கு லாரி வரும், மூடியைத் தூக்கி மதிலில் சாய்த்துவிட்டுக் குழாயை உள்ளே விடுவார்கள். அரை மணி நேரத்தில் அடுத்த லாரி வரும் என்று மூடாமல் விட்டுவிடுவார்கள். என் பையனுக்குக் கல் பொறுக்கி எதிலாவது போட்டுச் சத்தம் கேட்பது பெரிய சந்தோஷம். என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே போனவன், அந்தத் திறந்த வாயைப் பார்த்ததும் கையை உருவிக்கொண்டு ஓடி, விளிம்பில் குந்தி உட்கார்ந்து, ஒரு ஜல்லிக்கல்லைப் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். நான் பிடித்துவிட்டேன். தண்ணீரில் விழுந்த குழந்தை சினிமாவில் காட்டுவது மாதிரி கத்தாது, கையை அடித்துக் கூப்பிடாது. சத்தமில்லாமல் போய்விடும். பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாமல் போகலாம்.

இதற்கும் வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். இருக்கிற மூடிக்குக் கீல் வைத்துப் பூட்டுப் போடுவது சுலபம், ஆனால் எங்கள் பிரச்சினையே மூடி திறந்திருக்கும் நேரம்தான். ஃபைபர் மூடி துருப்பிடிக்காது, பார்க்க நன்றாக இருக்கும், லேசானது. லேசாக இருப்பதுதான் அதன் குறையும், நாலு வயதுப் பிள்ளை தூக்கிவிடும். வார்ப்பிரும்பு மூடி கனமானது, குழந்தை தூக்க முடியாது. அறுபது வயதாகும் எங்கள் வாட்ச்மேன் அண்ணாவாலும் தினம் தூக்க முடியாது, அதனால் பாதி நகர்த்தி அப்படியே விட்டுவிடுவார். கடைசியில் வெல்டிங் செய்பவரே ஒரு யோசனை சொன்னார். மூடிக்குக் கீழே, சம்ப் வாயிலேயே கம்பிச் சட்டம் ஒன்று, தனிக் கீலும் தனிப் பூட்டும் வைத்து. லாரிக் குழாய் நுழைய ஒரு மூலையில் மட்டும் வட்டமாக வழி. மேல் மூடி திறந்து கிடந்தாலும் குழந்தை விழாது. சம்ப் கழுவ ஆள் இறங்கும் நாளில் மட்டும் சட்டத்தைத் திறந்தால் போதும். சட்டம், கீல், மூடி ரிப்பேர் எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். முதலில் நாங்களே கொடுத்துவிட்டு, அப்புறம் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போட்டோம், வீட்டுக்கு 200 என்று. பதினோரு வீட்டில் எட்டு வீடு அன்றே அனுப்பிவிட்டது, மீதி மூன்று மெதுவாக வந்தது. அனுமதி கேட்டுக் கூட்டம் போட்டிருந்தால் இன்றுவரை பேசிக்கொண்டிருப்போம்.

சம்ப் பார்க்கும்போதே மழைநீர்த் தொட்டியின் மூடியையும் பாருங்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசரத்தில் தோண்டிய குழிகள் பல கட்டடங்களில் இருக்கின்றன, மேலே போட்ட ஓட்டை சிலாப் உடைந்து ஆடும். எங்களுடையதில் ஒன்று அப்படித்தான் இருந்தது.

மற்றவை

பார்க்கிங், கேட், மீட்டர் பெட்டி, நாய், செடி. இவற்றை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. இவற்றுக்கு நம் கையில் பிள்ளையின் கை இருந்தால் நேரம் கிடைக்கும், கேட்டு வாங்கலாம்.

இதில் நான் முதலில் வைப்பது கேட். தண்டவாளத்தில் ஓடும் இரும்புக் கேட்டில் கடைசியில் முட்டி நிற்கும் ஸ்டாப்பரும், மேலே பிடித்துக்கொள்ளும் கைடு ரோலரும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேகமாகத் தள்ளினால் கேட் தடம் விட்டுச் சாயும். பிள்ளைகள் அதில் ஏறி நின்று ரயில் விளையாடுவார்கள். ஸ்டாப்பர் வைக்கச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

பார்க்கிங்கில் பின்னால் எடுக்கும் கார் டிரைவருக்கு இரண்டு வயதுப் பிள்ளை தெரியவே தெரியாது, கேமரா இருந்தாலும் ஓரம் தெரியாது. வளைவில் ஒரு குவிகண்ணாடி மாட்டுவது நல்லது. அதைவிட நல்லது, தூண்களுக்கு நடுவே விளையாட விடாமல் இருப்பது. ஓரமாக நிற்கும் பைக்கின் சூடான சைலன்சரும் சைட் ஸ்டாண்டும் இன்னொன்று, ஏறினால் வண்டி பிள்ளைமேல் சாயும்.

மீட்டர் பெட்டிக்குக் கதவும் பூட்டும் சங்கத்தின் வேலை. பொதுவான லைன்களுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் கருவி) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் கேளுங்கள். தெருவிலிருக்கும் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் திறந்து கிடந்தால் அவர்களின் புகார் மையம் மின்னகம், எண் 94987 94987.

நாய்ப் பிரச்சினையில் எங்கள் குழுவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. சோறு வைக்கக் கூடாது என்று ஒரு பக்கம், வாயில்லா ஜீவன் என்று இன்னொரு பக்கம். 2023-இல் வந்த மத்திய அரசின் விதிகளே இதற்கு வழி சொல்கின்றன: குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, நுழைவாயில் ஆகியவற்றிலிருந்து தள்ளி ஓர் இடத்தைச் சங்கம் ஒதுக்க வேண்டும், குழந்தைகளும் முதியவர்களும் நடமாடாத நேரத்தில் வைக்க வேண்டும். அதைப் படித்துக் காட்டியதும் இரண்டு பக்கமும் அடங்கியது, பின்பக்கச் சந்தில் ராத்திரி பத்து மணிக்கு என்று முடிவானது. கருத்தடை, தடுப்பூசி போடாத நாய்களுக்கு மாநகராட்சி எண் 1913. கடி, கீறல் எதுவானாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரி. மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது.

அரளிச் செடியின் இலை, பூ, பால் எல்லாமே விஷம். பூஜைக்கு வேண்டும் என்று கீழ்வீட்டுப் பாட்டி சொன்னதால் வெட்டவில்லை, சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கம்பிவலை அடித்திருக்கிறோம். மொட்டை மாடிக் கதவுக்கு உயரத்தில் ஒரு கொண்டி, அவ்வளவுதான்.

ஓனர், சங்கம், அரசு

ஓனர் கோயம்புத்தூரில் இருக்கிறார். முதலில் போனில் கேட்டேன். "என் பிள்ளைங்க ரெண்டு பேரும் அதே வீட்லதான்மா வளர்ந்தாங்க, ஒண்ணும் ஆகலை" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு இது உண்மையாகவே விளங்கவில்லை. போனில் கேட்டதுதான் என் தப்பு. மனம் மாறிச் சொல்வார் என்று ஆறு வாரம் பார்த்துவிட்டு, அப்புறம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன், சுவரில் டேப் வைத்து 87 தெரியும்படி, பக்கத்தில் பையன் நிற்கும்படி. கீழே இப்படி எழுதினேன்: "சார், பால்கனி சுவர் 87 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது. இன்விசிபிள் கிரில் 10,800 ஆகிறது. பாதி நீங்கள் போட்டுக்கொள்ள முடியுமா? முடியாவிட்டால் நாங்களே போட்டுக்கொள்கிறோம், காலி செய்யும்போது அப்படியே விட்டுவிட்டுப் போகிறோம். துளைக்காக அட்வான்ஸில் பிடிக்க மாட்டேன் என்று மட்டும் பதில் போடுங்கள் சார்." மறுநாள் பதில் வந்தது. பணம் தரவில்லை, துளைக்குச் சம்மதம் என்று எழுதியே அனுப்பினார். அந்த மெசேஜைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். பணத்தைவிட அந்த ஒரு வரிதான் எனக்கு வேண்டியிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்தப் பழுது யார் பொறுப்பு என்று அதில் ஒரு பட்டியலே உண்டு. கட்டமைப்புப் பழுது, குழாய், வயரிங் ஆகியவை ஓனர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி மாதிரியானவை நம் பக்கம். பழுதுகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் அக்ரிமெண்டையும் எடுத்துப் படியுங்கள். பால்கனிக்குப் புதிதாக கிரில் போடுவது இந்தப் பட்டியலில் எந்தப் பக்கமும் இல்லை, ஏனென்றால் அது பழுது இல்லை, புதிய சேர்க்கை. அதனால் கிரில்லுக்காக, இந்தச் சட்டப்படி புகார் கேட்கும் வாடகை அதிகாரியிடம் போவதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் இருக்கிற கம்பி துருப்பிடித்து ஆடுகிறது, சுவரில் விரிசல், வயர் வெளியே தெரிகிறது என்றால் அது பழுது. அதற்கு எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் அங்கே போக இடமிருக்கிறது. அக்ரிமெண்டைப் பதிவு செய்யாதவர்கள் முதலில் அதைச் செய்ய வேண்டும், வெறும் முத்திரைத்தாள் பத்திரத்தோடு போனால் நிற்காது.

நியூயார்க்கில் 1976-லிருந்து ஒரு விதி இருக்கிறது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடத்தில் பத்து வயதோ அதற்குக் குறைவோ ஆன குழந்தை குடியிருந்தால் ஜன்னலுக்குத் தடுப்பு போட வேண்டியது கட்டட உரிமையாளர் கடமை, வாடகைக்காரர் கெஞ்ச வேண்டியதில்லை. அடுக்கி அடுக்கிக் கட்டிக்கொண்டே போகும் நம் ஊரிலும் அந்த மாதிரி ஒரு வரி சட்டத்தில் இருந்தால் என் ஆறு வாரம் மிச்சமாகியிருக்கும்.

சங்கத்தைப் பொறுத்தவரை வாடகைக்காரர்களுக்கு அதில் ஓட்டு இல்லை. அதனால் ஓனரைத்தான் அங்கே நமக்காகப் பேசச் சொல்ல வேண்டும், அல்லது சொந்த வீட்டில் இருக்கும், பேரப்பிள்ளை வந்துபோகும் ஒரு தாத்தாவையோ பாட்டியையோ. எங்களுக்கு இரண்டாவது வழிதான் வேலை செய்தது. முதல் மாடி மாமா கூட்டத்தில் "நம்ம பேத்தி லீவுக்கு வர்றா, மீட்டர் பாக்ஸுக்குக் கதவு போடுங்க" என்றார், அடுத்த வாரம் கதவு வந்துவிட்டது. நான் அதையே மூன்று தடவை கேட்டிருந்தேன்.

வீடு மாறுவது

கடைசி வழி, ஆனால் சில நேரம் அதுதான் வழி. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பெயின்ட் என்று பழைய ஓனர் பிடிப்பது ஒரு மாதம், லாரிக்கூலி அரை மாதம் என்று வைத்தாலே இரண்டரை மாத வாடகை போய்விடும். அதோடு ஒப்பிட்டால் கிரில் மலிவு. எனவே உயரக் குறைவு, இடைவெளி, மூடி மாதிரி பணத்தால் சரியாகும் பிரச்சினைக்காக மாறாதீர்கள். கைப்பிடிச் சுவரே விரிசல் விட்டு ஆடுகிறது, துளை போடவே ஓனர் விடமாட்டேன் என்கிறார், காம்பவுண்டுக்குள் மூடாத கிணறு இருக்கிறது, வாசல் நேராக லாரி ஓடும் சாலையில் இறங்குகிறது என்றால் மாறுங்கள், அட்வான்ஸ் இழுபறியானாலும் மாறுங்கள்.

கீழ்வீடு பாதுகாப்பு என்று பலர் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். விழும் பயம் இல்லைதான். ஆனால் கதவைத் திறந்தால் நேரே சம்ப், கார், நாய், கேட், எல்லாம் பத்தடிக்குள். மேல்வீட்டில் பால்கனி ஒன்றை அடைத்துவிட்டால் மற்றவற்றுக்கும் பிள்ளைக்கும் நடுவே இரண்டு மாடிப் படிக்கட்டு இருக்கிறது. சம்ப்பும் கேட்டும் சரியாக இருந்தால் கீழ்வீடு, இல்லையென்றால் நடு மாடி என்றே நான் எடுப்பேன். கடைசி மாடி வேண்டாம், மொட்டை மாடிக் கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வீடு பார்க்கப் போகும்போது பையில் டேப் இருக்கட்டும், பேசி முடிக்கும் முன்பே கிரில்லைக் கேளுங்கள். அட்வான்ஸ் வாங்கும் முன்னால் ஓனர் சொல்லும் சரி, வாங்கிய பிறகு வருவதில்லை.

எங்கள் பக்கம் இன்னும் முடியாதது கேட் மட்டும். சம்ப்புக்கு வந்த அதே வெல்டிங்காரர் சனிக்கிழமை வந்து ஸ்டாப்பரும் ரோலரும் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை கேட்டைப் பெரியவர்கள் மட்டும்தான் தள்ள வேண்டும் என்று குழுவில் போட்டிருக்கிறோம், வாட்ச்மேன் அண்ணா தண்டவாளத்தின் கடைசியில் இரண்டு செங்கல்லை அண்டை கொடுத்து வைத்திருக்கிறார்.